காட்டுத் தீயும் குற்றவாளியும்

1

காடு எரிந்து முடிந்த பிறகு எழுதப்படும் அறிக்கையில் காரணம் என்று ஒரு பகுதி உண்டு. வேண்டுமென்றே வைத்தது, கவனக் குறைவால் நேர்ந்தது, தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றை அதிகாரி அங்கே எழுதியாக வேண்டும். இந்தியாவில் மின்னல் விழுந்து பற்றிக்கொள்ளும் காடுகள் மிகவும் குறைவு. கோடையில் இங்கு எரியும் தீயில் பெரும்பகுதி மனிதக் கையிலிருந்து புறப்படுவதுதான். ஆகவே அறிக்கை எழுதுவதில் சிரமம் ஏதுமில்லை. மனிதன் வைத்தான். எந்த மனிதன் என்றால் மாடு மேய்ப்பவன், தேன் எடுப்பவன், சுள்ளி பொறுக்குகிறவன், பீடியை அணைக்காமல் போட்டவன். குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்தபோது நம்மிடையே நடந்த பேச்சும் யார் கூட்டிப்போனது, யார் அனுமதித்தது என்பதைச் சுற்றியேதான் நடந்தது.

யார் வைத்தார்கள் என்ற கேள்வி தவறானதில்லை. ஆனால் அது கடைசிப் பொறியைப் பற்றி மட்டுமே கேட்கிறது. அந்தப் பொறி விழுந்த இடத்தில் இத்தனை சருகு எப்படிச் சேர்ந்தது, அங்கே எந்த மரம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தது யார், பனி முடியும்போது சிறிதாக எரிந்திருக்க வேண்டியது வைகாசியில் பெரிதாக எரிவானேன் என்பனவற்றை அது கேட்பதில்லை. இவற்றைக் கேட்காமலிருப்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தொடங்குகிறது. அதன் போக்கை ஸ்தூலமாகப் பார்க்க இமயத்தின் அடிமடியிலிருக்கும் குமாவுன் மலைப்பகுதியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். அங்கே 1921ல் எரிந்த தீயை யார் வைத்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. என்றாலும் பொறுப்பு யாருடையது என்பது அன்று தீரவில்லை, இன்றும் தீரவில்லை.

2

சட்டம் வருவதற்கு முன்னால் காட்டில் தீ வைப்பது ஒரு வேலை. மற்ற வேலைகளைப் போல அதற்கும் பருவமும் இடமும் செய்கிறவர்களும் இருந்தார்கள். குமாவுனில் தாழ்ந்த சரிவுகளில் சிர் பைன் மரங்கள் அதிகம். வேனிலில் இவற்றின் ஊசி இலைகள் உதிர்ந்து தரையை மூடிவிடும். அதன் கீழே புல் முளைக்காது. மேலே நடக்கும் மாட்டுக்குக் கால் வழுக்கும். மழைக்கு முன்னால் அதை எரித்துவிட்டால் முதல் மழையில் புதுப்புல் வரும். மலை விவசாயி இதைத்தான் செய்துவந்தான். இன்னும் உயரத்தில், நீரூற்றுகளுக்குப் பக்கத்தில், பாஞ்ச் என்று அவர்கள் சொல்லும் ஓக் மரங்கள். அதன் தழை மாட்டுக்குத் தீனி, உதிர்ந்த இலை வயலுக்கு எரு, விறகு அடுப்புக்கு. அந்தக் காட்டில் அவன் தீ வைப்பதில்லை.

நம்முடைய இலக்கிய மரபை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். குறிஞ்சித் திணையை மனிதக் கை படாத இயற்கை என்று ரசிக்கிற பழக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் கிளி கடிந்துகொண்டு நிற்கும் தினைப்புனம் காட்டை வெட்டி எரித்து உண்டாக்கிய நிலம். அகிலும் சந்தனமும் சேர்ந்து எரியும் புகையைச் சங்கக் கவிஞர்கள் அறிந்திருந்தார்கள். குறிஞ்சியின் மெல்லிய அகவுணர்வுகள் சாம்பல் போட்ட மண்ணில் நின்றுதான் சொல்லப்படுகின்றன. இதை நாம் கவனிக்காமல் விட்டதற்கும், எரிந்த காட்டைப் பார்த்தவுடன் அழிவு என்ற ஒரே சொல் நமக்குத் தோன்றுவதற்கும் சம்பந்தம் உண்டு என்று நினைக்கிறேன்.

இதனால் பழைய தீயெல்லாம் நல்ல தீ என்று ஆகிவிடாது. காண்டவ வனத்தை எரித்ததும் பழைய தீதான். ஐராவதி கார்வே மகாபாரதத்தைப் பற்றிய தம் ‘யுகாந்தா’வில் அதைப் புதிய நிலம் தேடிய ஒரு கூட்டம் காட்டையும் அதிலிருந்தவர்களையும் ஒழித்த செயலாகப் பார்க்கிறார். தப்பி ஓடியவர்களைக்கூட விடாமல் திரும்ப நெருப்பில் தள்ளிய செயல் அது. புனத்துத் தீயும் காண்டவத் தீயும் ஒரே பொருளால் ஆனவை. முதலாவதை வைத்தவன் அடுத்த வருஷமும் அந்த மலையிலேயே இருக்க வேண்டியவன். இரண்டாவதை வைத்தவர்களுக்கு அந்தக் காட்டிலிருந்து நிலத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

3

இந்தியக் காட்டிலாகா 1864ல் ஸ்தாபிக்கப்பட்டது. முதல் தலைமை அதிகாரியான டீட்ரிஷ் பிராண்டிஸ் ஜெர்மானியர், தாவரவியல் படித்தவர், 1856லிருந்து பர்மாவில் பெகு தேக்குக் காடுகளைக் கவனித்தவர். ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டைகள் லட்சக்கணக்கில் தேவைப்பட்ட காலம் அது. இத்தனை ஆண்டில் இத்தனை மரம் வெட்டலாம், அதற்குள் அத்தனை மரம் வளர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டை நடத்துவது ஜெர்மன் காட்டியலின் அடிப்படை. அந்தக் கணக்கில் தீக்கு இடமில்லை. வரவு செலவுப் புத்தகத்தின் நடுவில் பக்கங்கள் எரிந்துபோவது மாதிரிதான் அவர்களுக்குத் தீ. சாத்பூராவின் போரி காட்டில் 1860களில் பியர்சன் என்ற ராணுவ அதிகாரி தீத்தடுப்பை முதன்முதலாகச் செய்து காட்டினார். கோடுகள் வெட்டி, காவல் போட்டு, ஒரு காட்டைச் சில வருஷங்கள் எரியாமல் வைத்திருக்க முடியும் என்று நிரூபணமாயிற்று. நாற்றுகள் தலைகாட்டின. இது பெரிய வெற்றியாகக் கருதப்பட்டது. அதன் பிறகு எத்தனை சதுர மைல் தீயிலிருந்து காக்கப்பட்டது என்பதே இலாகாவின் வருஷாந்திர அறிக்கைகளில் பெருமைக்குரிய எண்ணாக இருந்தது.

1865ல் முதல் காட்டுச் சட்டமும் 1878ல் அதைவிடக் கடுமையான இரண்டாவது சட்டமும் வந்தன. காடு சர்க்காரின் சொத்து, அதில் ஜனங்களுக்கு இருப்பவை பெரும்பாலும் சலுகைகள் என்பது 1878 சட்டத்தின் கோட்பாடு. இதைச் சென்னை மாகாண நிர்வாகமே ஏற்கவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். மாகாணத்தின் காடுகள் எல்லாம் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வருபவை, கிராமத்தார் அவற்றை நெடுங்காலமாக அனுபவித்து வருகிறார்கள், அவற்றின் மேல் சர்க்கார் முழு உரிமை கொண்டாடுவது சரியல்ல என்று இங்கிருந்த ரெவின்யூ போர்டு 1870களிலேயே வாதாடியிருக்கிறது. பிராண்டிஸ் நேரில் வந்து பேசிய பிறகு 1882ல் சென்னைக்குத் தனிச் சட்டம் வந்தது. இன்று அது தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் அமலில் இருக்கிறது. வாதம் தோற்றுப்போயிற்று. ஆனால் அப்படி ஒரு வாதம் ஆட்சியின் உள்ளேயே இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

1878 சட்டத்தின் வாரிசான 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் தீயைப் பற்றிச் சொல்லியிருப்பவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒரு மனோபாவம் புலப்படுகிறது. 26வது பிரிவின்படி காப்புக் காட்டில் தீ வைப்பவனும், காட்டுக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டி விட்டுச் செல்பவனும் குற்றவாளி. வேண்டுமென்றோ மிகுந்த கவனக் குறைவாலோ தீ ஏற்பட்டிருந்தால், அந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமையையும் விளைபொருள் எடுக்கும் உரிமையையும் எல்லோருக்குமே ஒரு காலத்துக்கு அரசு நிறுத்திவைக்கலாம். 79வது பிரிவின்படி அந்தக் காட்டில் ஏதாவது உரிமையை அனுபவிப்பவர்கள் தீயைப் பற்றிய தகவல் கொடுக்கவும் ஓடிவந்து அணைக்கவும் கடமைப்பட்டவர்கள்.

ஆக, தீ வைத்தவன் அகப்பட்டால் அவனுக்குத் தண்டனை. அகப்படாவிட்டால் ஊருக்குத் தண்டனை. இரண்டு நிலையிலும் தீயை அணைக்கும் உழைப்பு ஊருடையது. எப்போது எரிக்கலாம், எங்கே எரிக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் ஊரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பொறுப்பு என்ற சொல் பொறு என்ற வினையிலிருந்து வருகிறது, சுமப்பது, தாங்குவது. சுமப்பவனுக்குச் சுமையை இறக்கிவைக்கும் இடத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கும், இருக்க வேண்டும். சட்டம் அந்த அபிப்பிராயத்தை நீக்கிவிட்டுச் சுமையை மட்டும் வைத்தது.

4

இதற்கிடையில் இலாகாவின் சொந்த விஞ்ஞானமே வேறு திசையில் போகத் தொடங்கியிருந்தது. பர்மாவின் ஈரப்பாங்கான தேக்குக் காடுகளில் தீயை வெற்றிகரமாகத் தடுத்த இடங்களில் தேக்கு நாற்றுகள் குறைந்துகொண்டே வந்தன. மூங்கிலும் பசுமைமாறாப் புதர்களும் மேலே மூடிக்கொண்டன. வெளிச்சம் வேண்டிய தேக்கு அவற்றின் கீழே செத்தது. ஸ்லேட் என்ற அதிகாரி 1896ல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ பத்திரிகையில், பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மீறிவிட்டது என்றே தலைப்பிட்டு எழுதினார். பெரிய சர்ச்சை எழுந்தது. 1907க்குப் பிறகு அக்காடுகளில் தீத்தடுப்பு படிப்படியாகக் கைவிடப்பட்டது. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் சால மரக் காடுகளில் இதே கதை. காவல் பலமாக இருந்த இடத்தில் சாலக் கன்றுகள் இல்லை. காவல் தவறி எரிந்த இடங்களில் இருந்தன. அடுத்த இருபது வருஷங்களில் குளிர்காலத்தின் இறுதியில் இலாகாவே முன்கூட்டி எரிப்பது ஏற்கப்பட்ட முறையாயிற்று.

ஒரு நிறுவனம் தன் அடிப்படை நம்பிக்கை பிசகிவிட்டது என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வது பாராட்டத்தக்க விஷயம்தான். ஆனால் திருத்தம் நடைமுறைக் குறிப்புகளோடு நின்றுவிட்டது. சட்டத்துக்கு வரவில்லை. 1927ல் சட்டம் புதிதாக எழுதப்பட்டபோது காட்டுக்குத் தீ தேவைப்படும் என்பது இலாகாவுக்குள் பரவலாகத் தெரிந்த உண்மை. அப்படியிருந்தும் தீயைப் பற்றிய பிரிவு பழையபடியே இருந்தது. காட்டுக் காவலாளி வைத்தால் அது பராமரிப்பு. அதே சரிவில் அதே மாதத்தில் மாடு மேய்ப்பவன் வைத்தால் குற்றம். தீ நல்லதா கெட்டதா என்பது பற்றிய வாதமாக இது ஆரம்பித்தது. முடிந்த இடத்தில், வைக்கும் அதிகாரம் யாருடையது என்பது மட்டுமே மிச்சமிருந்தது.

5

குமாவுனுக்கு வருவோம். அங்கே அளந்து பட்டா ஆகாத நிலம் முழுவதும் 1893ல் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவிக்கப்பட்டது. 1911க்கும் 1917க்கும் இடையில் மேலும் ஏறக்குறைய 3,000 சதுர மைல் காப்புக் காடாக்கப்பட்டது. பைன் மரத்தின் பிசினிலிருந்து டர்பன்டைன் எடுக்கும் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. பைன் கட்டைகளை மருந்து ஏற்றி ஸ்லீப்பராக்கும் முறையும் வந்துவிட்டது. முதல் உலகப் போர் இரண்டுக்கும் தேவையைக் கூட்டியது. இதுவரை விவசாயி எரித்துவந்த சரிவு இப்போது பிசின் வடியும் தோட்டம். காப்புக் காட்டிலிருந்து ஒரு மைலுக்குள் புல் எரிக்கக் கூடாது என்று விதி வந்தது. காப்புக் காடு கிராமங்களின் வாசல்வரை வந்துவிட்டிருந்ததால், எங்குமே எரிக்கக் கூடாது என்றுதான் இதற்கு அர்த்தம். 1916 கோடையில் பல இடங்களில் தீ எழுந்தது. வேண்டுமென்றே வைத்தவை என்று பதிவாயிற்று.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. அதிகாரிகள் சுற்றுப்பயணம் வரும்போது ஊரார் கூலியில்லாமலோ அற்பக் கூலிக்கோ மூட்டை சுமக்க வேண்டும் என்ற கட்டாயம். 1921 ஜனவரியில், நம் தைப்பொங்கல் நாளையொட்டி, சரயு நதிக்கரையில் பாகேஷ்வரில் கூடிய திருவிழாக் கூட்டம் இனிச் சுமப்பதில்லை என்று உறுதியெடுத்துக்கொண்டு, சுமைக்கூலிப் பதிவேடுகளை ஆற்றில் வீசியது. பத்ரி தத் பாண்டே முன்னின்றார். அந்தக் கோடையில் காடுகள் எரிந்தன.

கணக்கு இலாகாவுடையது. பதிவான 395 தீக்களில் 317 வேண்டுமென்றே வைத்தவை. தீத்தடுப்புக்கு உட்பட்டிருந்த 4 லட்சம் ஏக்கரில் 2,46,000 ஏக்கர் எரிந்தது. பிசின் எடுக்கும் இடங்களும் எரிந்தன. வழக்கமாக அணைக்க வரவேண்டிய ஊரார் வரவில்லை. சட்டத்தின் பார்வையில் இதைவிடத் தெளிவான குற்றம் இருக்க முடியாது.

ராமச்சந்திர குஹா இந்த எதிர்ப்புகளின் வரலாற்றை எழுதும்போது (அவருடைய நூல் 1989ல் வந்தது) ஒரு தகவலை எடுத்துக் காட்டுகிறார். எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகள். அதே சர்க்காரின் கீழ், அதே மலைகளில் பரந்து கிடந்த ஓக் முதலிய அகன்ற இலைக் காடுகளை இந்தத் தீ தொட்டதற்குச் சான்றில்லை. வெறியில் வைத்த தீயாக இருந்தால் அது இப்படி மரம் பார்த்து எரிந்திருக்காது. சர்க்காருக்கு லாபம் தருவதும் தனக்கு இடைஞ்சலாகிவிட்டதுமான காட்டை விவசாயி எரித்தான். தன் மாட்டுக்கும் வயலுக்கும் ஊற்றுக்கும் வேண்டிய காட்டை விட்டுவிட்டான்.

தமிழ் வாசகனுக்கு இங்கே சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்காது. மதுரையை எரிக்கும்போது கண்ணகி தீக்கடவுளுக்கு ஒரு பட்டியல் கொடுக்கிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீத்திறத்தாரிடம் சேர்க என்பது ஆணை. அந்தப் பட்டியலின் சமூக மதிப்பீடுகளோடு நாம் சண்டை போடலாம். அது வேறு கட்டுரை. ஆனால் கோபத்தின் உச்சியிலும் தீக்கு ஒரு எல்லை போடத் தோன்றுகிறது என்பதில் இளங்கோ ஒன்றைச் சொல்கிறார். எரிப்பவளுக்கு அநீதி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. மதுரை எரிந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் கண்ணகி என்று சொல்லி நிறுத்திக்கொள்பவன் அந்தக் காப்பியத்தைப் படித்தவன் ஆகமாட்டான். குமாவுன் தீயை வைத்தவர்களைக் காப்பிய நாயகர்களாக்குவது என் நோக்கமில்லை. அவர்கள் மேய்ச்சலுக்குப் புல் வேண்டியிருந்த சாதாரண விவசாயிகள். குற்றப்பதிவு அவர்களுடைய தேர்வை அழித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டது என்பதே இங்கு சொல்ல வேண்டியது.

அன்றைய சர்க்கார் தண்டித்ததோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கமிஷனர் விண்டம் தலைமையில் 1921லேயே ஒரு குறைதீர் குழு அமைக்கப்பட்டது. மலையெங்கும் சென்று ஆயிரக்கணக்கான சாட்சிகளை விசாரித்தது. விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்த முயன்றால் கலகமும் ரத்தச் சேதமும்தான் விளையும் என்ற முடிவுக்கு வந்தது. வியாபார மதிப்புக் குறைந்த, பெரும்பாலும் ஓக் மரங்கள் கொண்ட காடுகள் காட்டிலாகாவிடமிருந்து ரெவின்யூ நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டன. 1931ல் வந்த விதிகளின்படி வன பஞ்சாயத்துகள் ஏற்பட்டன. ஊரே தேர்ந்தெடுத்த ஒரு சபை, ஊருக்கென்று வரையறுத்த காடு, அதை எப்போது திறப்பது எப்போது மூடுவது என்று தீர்மானிக்கும் உரிமை. தீ வைத்தவர்களையே காவலுக்கு நியமித்த காரியம் இது. காலனி ஆட்சியின் காட்டுக் கொள்கையில் இது போன்ற விவேகம் அபூர்வம். ஆனால் பகுத்ததைக் கவனியுங்கள்: ஜனங்களுக்குப் பயன்படும் ஓக் ஜனங்களுக்கு, பணம் தரும் பைன் சர்க்காருக்கு. தீயை ஏற்று வளர்வது பைன்தான். அதைத் தீயில்லாமல் வைத்திருக்கும் முயற்சி தொடர்ந்தது.

6

இந்தக் கொள்கையின் கிளை ஒன்று கடல் கடந்தது. பிராண்டிஸ் 1883ல் ஓய்வு பெற்று ஜெர்மனி திரும்பினார். சில வருஷங்களில் அவரைத் தேடி ஒரு அமெரிக்க இளைஞர் வந்தார். பிராண்டிஸின் ஆலோசனைப்படி பிரான்சில் நான்ஸி நகரில் காட்டியல் படித்த அந்த இளைஞர், கிஃபர்ட் பின்ஷோ, 1905ல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். அந்தத் துறை பிறந்த ஐந்தாம் வருஷம், 1910 ஆகஸ்டில், ஐடஹோ, மோன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. அந்தப் பயம் கொள்கையாயிற்று. கலிபோர்னியாவில், சருகு சேராமல் அவ்வப்போது லேசாக எரித்துவிடலாம் என்று சொன்ன நில உரிமையாளர்களை வனத்துறையினர் கேலி செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பாயூட் காட்டியல்’. பாயூட் என்பது அங்குள்ள ஆதிகுடிகளில் ஒன்று. எரித்துப் பராமரிக்கும் அறிவு அந்தக் குடிகளிடம் இருந்தது என்பதே அதை நிராகரிக்கப் போதுமான காரணமாக இருந்தது. 1935ல் எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று விதி செய்தார்கள். அந்த விதியை 1978ல்தான் கைவிட்டார்கள். அதற்குள் தலைமுறைக் கணக்கில் எரியாத சருகும் குச்சியும் இளமரமும் அடர்ந்துவிட்டன.

2018 நவம்பரில் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தது. 85 பேர் இறந்தார்கள். பொறி ஒரு மின்சாரக் கம்பெனியின் பழைய கம்பியிலிருந்து வந்தது. 2020ல் அந்தக் கம்பெனி நீதிமன்றத்தில் 84 மரணங்களுக்குத் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இது நியாயம். பராமரிக்காத கம்பிக்குக் கம்பெனிதான் பொறுப்பு. ஆனால் அது பொறிக்கான கணக்கு. காட்டின் நிலைக்கும், வருஷத்துக்கு வருஷம் கூடும் வெப்பத்துக்கும், காட்டுக்குள் ஊர் கட்ட அனுமதித்ததற்கும் குற்றவாளிக் கூண்டு கிடையாது. 2021ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் செய்தது. பயிற்சி பெற்றவர்களோ ஆதிகுடிகளின் மரபறிந்தவர்களோ காட்டின் நன்மைக்காக எரிக்கும்போது தீ கைமீறினால், மிகுந்த அலட்சியம் இருந்தாலொழிய அணைத்த செலவை அவர்கள் தலையில் கட்ட முடியாது. நூறு வருஷம் கழித்துப் பாயூட் காட்டியலுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது.

நமக்கு மிக அருகிலும் இந்தப் பரீட்சை நடந்திருக்கிறது. சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் பிலிகிரி ரங்கன மலையில் சோளகர்கள் வாழ்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில், சருகு முழுவதும் காய்வதற்கு முன், தரையோடு ஓடும் சிறு தீ வைப்பது அவர்கள் வழக்கம். சருகுத் தீ என்றே அதற்கு அவர்கள் மொழியில் பெயர். 1974ல் அந்த மலை வன விலங்குச் சரணாலயமானது. புனம் எரிப்பும் சருகுத் தீயும் நின்றன. பிறகு உண்ணிச்செடி காடு முழுவதும் பரவியது. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது. சிறு தீ புல்லுருவியைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்று சோளகர்கள் சொல்லிவந்ததை ஆராய்ச்சியாளர்கள் பின்னால்தான் காதில் வாங்கிக்கொண்டார்கள். ஆள் உயரத்துக்கு அடர்ந்த உண்ணிப் புதரில் தீ பிடித்தால் அது தரையோடு ஓடுவதில்லை, மரத்தின் மேல் ஏறுகிறது. அப்படி எரியும்போது, பார், தீ எவ்வளவு அபாயகரமானது என்று தடைக்கே அது ஆதாரமாகிவிடுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி 2011ல் சோளகர்களின் சமூக வன உரிமைகள் அங்கே அங்கீகரிக்கப்பட்டன. காட்டு வளத்தைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமையை அந்தச் சட்டம் பேசுகிறது. எரிப்பது அந்த நிர்வாகத்தில் சேருமா என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை.

7

குமாவுன் இன்று உத்தராகண்ட் மாநிலத்தின் ஒரு பகுதி. அந்த மாநிலத்தில் வன பஞ்சாயத்துகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 1976லும் 2001லும் விதிகள் திருத்தப்பட்டபோது அவற்றின் சுதந்திரம் குறைந்து வனத்துறையின் பிடி கூடியது. 1981ல் மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடை வந்தது. ஊர்களிலிருந்து ஆட்கள் சமவெளிக்குப் போய்விட்டார்கள். கால்நடை குறைந்துவிட்டது. பல சரிவுகளில் சருகை வாரவும் ஆள் இல்லை, தீயைக் கண்டு ஓடிவரவும் ஆள் இல்லை. குளிர்கால மழை தவறும் வருஷங்களில் ஏப்ரலிலேயே மலை பற்றிக்கொள்கிறது. 2016லும் 2024லும் அப்படி எரிந்தது. 2024ல் நூற்றுக்கணக்கான வழக்குகள் பதிவாயின. அவற்றில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி ‘அடையாளம் தெரியாதவர்’. அந்த ஜூனில் அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் நால்வர் ஒரே நாளில் இறந்தார்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, பழையபடி ஊராரிடம் தீக்குச்சியைக் கொடுத்துவிட்டால் போதும் என்று சொல்வது சுலபம். அது சரியாக இருக்காது. வருஷா வருஷம் எரிப்பது பைனுக்குச் சாதகம். தடித்த பட்டை கொண்ட அந்த மரம் தாங்கிக்கொள்ளும். எல்லையில் இருக்கும் ஓக் கன்று தாங்காது. விவசாயியின் தீயும் தன் பங்குக்கு ஓக்கைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. இன்றைய வெப்பத்தில், இன்று கிடக்கும் சருகின் அளவில், தாத்தா வைத்த அதே தீயைப் பேரன் வைத்தால் அது வேறு தீ. பல இடங்களில் அந்த அறிவைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலும் போய்விட்டது. அறிவு என்பது செய்துகொண்டேயிருந்தால்தான் இருக்கும். மூன்று தலைமுறை ஒளித்துச் செய்ய நேர்ந்த காரியத்தில் அறிவு மிஞ்சுவதில்லை. காவலாளி வரும் முன் வைத்துவிட்டு ஓடும் பழக்கம்தான் மிஞ்சும். நின்று பார்த்து, காற்றுத் திரும்பினால் அணைத்து, முடியும்வரை இருந்து வைக்கும் தீக்கும், வைத்துவிட்டு ஓடும் தீக்கும் உள்ள தூரத்தைச் சட்டம் உண்டாக்கியது. பிறகு இரண்டாவதைச் சுட்டிக்காட்டி, இவர்களை நம்ப முடியாது என்றது.

பொறுப்பைத் திரும்பக் கொடுப்பதென்றால் அதற்கு உறுப்புகள் உண்டு. எந்தச் சரிவை எந்த மாதம் எரிப்பது, எதை எரிக்காமல் காப்பது என்ற தீர்மானத்தில் ஊர்ச் சபைக்கு வாக்கு வேண்டும். வெயிலையும் காற்றையும் பற்றித் துறைக்குத் தெரிந்ததும், நிலத்தைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததும் ஒரே இடத்தில் பேசப்பட வேண்டும். சருகு வாருவதற்கும் காவலுக்கும் வருஷம் முழுவதும் கூலி வேண்டும்; தீ வந்த பிறகு தரும் நஷ்ட ஈடு அதற்கு மாற்றாகாது. ஒப்புக்கொண்டபடி எரிக்கும்போது தவறு நேர்ந்தால் அதைக் குற்றமாக இல்லாமல் தவறாகப் பார்க்கும் சட்டம் வேண்டும். இவை கிடைத்த பிறகும் ஊர் அலட்சியமாக இருந்தால் அப்போது ஊரைக் கேட்கலாம். அப்படிக் கேட்கும் தகுதி 1878லிருந்து இதுவரை அரசுக்கு முழுமையாக இருந்ததில்லை.

அந்த முயற்சி 1931ல் பாதி நடந்தது. குமாவுன் விவசாயி ஓக் காட்டை எரிக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்ட ஒரு குழு, அந்தக் காட்டை அவனிடமே கொடுப்பதில் ஆபத்தில்லை என்று கண்டது. பைன் காட்டை ஏன் எரித்தான் என்பதற்கு அது பதில் சொல்லவில்லை. பணம் குறுக்கே நின்றது. அந்தப் பைன் சரிவுகள்தான் இன்றும் முதலில் பற்றிக்கொள்கின்றன. அவை எரிந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு, அவற்றை எப்படி வைத்திருப்பது என்று யாரிடம் கேட்டோம் என்பதிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.